பூமாரியின் மூன்று நிமிடக் கேசட்

பூமாரியை ஒரு இடத்தில் சும்மா உட்கார வைக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை. இத்தனைக்கும் அவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை. பழவங்காடியில், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் எட்டுகிற தூரத்தில், ஒரு பீரோவைவிடக் கொஞ்சமே அகலமான மொபைல் ரிப்பேர் கடை. பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே குனிந்து சால்டரிங் வைத்துக்கொண்டிருப்பாள். மேஜைக்கு மேலே கை அசையாமல் நிற்கும். மேஜைக்குக் கீழே வலது கால் தையல் மிஷினை மிதிப்பதுபோல ஓடிக்கொண்டே இருக்கும். தட்டில் கிடக்கிற குட்டி ஸ்க்ரூக்கள் எல்லாம் சேர்ந்து நடுங்கும்.

“காலை ஆட்டாதேடீ. ஸ்க்ரூவெல்லாம் உருண்டு ஓடறது பாரு,” என்பார் கடைக்காரர் கல்யாணராமன். வலியசாலை அக்ரஹாரத்து ஆள். கோபப்படத் தெரியாதவர்.

“நானா ஆட்டுதேன் சாமி? அதுவால்லா ஆடுது.”

“அப்போ அதைப் போய் வெளியில ஒரு நடை நடக்கச் சொல்லு. நீ இங்க இரு.”

அவளுடைய அப்பா பேச்சிமுத்து, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சென்ட்ரிங் வேலைக்கு வந்தவர். இப்போதும் கழக்கூட்டத்தில் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில்தான் இருப்பார். அம்மா பொன்செல்வி ஹோட்டலில் மாவரைக்கப் போனவள். பூமாரி பிறந்தது, படித்தது, ஐ.டி.ஐ. முடித்தது எல்லாம் திருவனந்தபுரத்தில். கணக்குப் போடுவது மலையாளத்தில் வரும். கோபம் மட்டும் சுத்தமான தமிழில்தான் வரும்.

கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அழுதுகொண்டுதான் வருவார்கள். தண்ணீரில் விழுந்த போன், பஸ் சக்கரத்தில் நசுங்கிய போன். “போன் போனா போட்டே மோளே, போட்டோ மாத்ரம் எடுத்துத் தரணே,” என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். பூமாரி போர்டைச் சுரண்டி, சூடு காட்டி, உயிர் கொடுத்து, ஆயிரக்கணக்கான படங்களை மீட்டுக் கொடுப்பாள். ஒரே கேக்கை நாற்பது தடவை எடுத்திருப்பார்கள். ஒரே குழந்தை, ஒரே சிரிப்பு, நாற்பது தடவை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். ஒருவராவது அங்கேயே நின்று ஒரு படத்தைத் திறந்து பார்த்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

அப்படி இருக்கையில்தான் அந்தக் கேமரா வந்தது. வஞ்சியூரில் பழைய வீட்டைக் காலி செய்த ஒருவர், பேட்டரி கசிந்து பச்சை பூத்துப்போன ஒரு சூப்பர் எட்டு சினிமா கேமராவைக் கொண்டுவந்து, “இது ஓடுமா பாரேன்,” என்றார். பூமாரி எலுமிச்சம்பழமும் உப்புக் காகிதமும் வைத்துத் தேய்த்து ஓட வைத்தாள். கிர்ர்ர் என்று அது பாடியதைக் கேட்டு அவர் சிரித்தார். பிறகு, “இதை வச்சு நான் என்ன செய்ய, நீயே வச்சுக்கோ,” என்று போய்விட்டார்.

சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லாத பிலிம். அதைச் சுருட்டி ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். ஒரு பெட்டி மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும், அவ்வளவுதான். சத்தம் பதியாது. எடுத்ததை உடனே பார்க்க முடியாது. வெளியூர் லேபுக்கு அனுப்பி, கழுவி வரும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று சாமிக்குக்கூடத் தெரியாது. நினைத்துப் பாருங்கள், காத்திருக்கவே தெரியாத ஒருத்திக்கு, காத்திருந்தால் மட்டுமே முகம் காட்டுகிற ஒரு பொருள்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது! பிலிம் இல்லாமலேயே பல நாள் அந்தக் கேமராவை ஓட்டிக்கொண்டிருந்தாள், சத்தத்துக்காக மட்டும்.

பிஜு என்கிற சினிமா எடிட்டரும் அவனுடைய சிநேகிதர்களும் தைக்காட்டில் ஒரு சின்ன ஹாலில் நடத்துகிற கூட்டத்தைப் பற்றி அவள் போனில்தான் பார்த்தாள். கேமரா வைத்திருக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி பிலிம் கொடுப்பார்கள். எடுத்த வரிசையிலேயே படம் ஓடும், வெட்டு ஒட்டு கிடையாது. எடுத்தவர் பார்க்காமலே பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிஜு அதை லேபுக்கு அனுப்புவான். ஹாலில் எல்லோரும் பார்க்கிறபோதுதான் எடுத்தவரும் முதல்முறையாகப் பார்ப்பார்.

“பேடி உண்டெங்கில் வேண்டா, கேட்டோ,” என்றான் பிஜு, பெட்டியை நீட்டிக்கொண்டே. அவனுடைய தமிழ் மலையாளத்தில் நனைந்து வரும். “ஒருக்கா விசையை அமர்த்தினா அமர்த்தினதுதான். நாட்டுக்கார் முன்னால நாணம் கெட்டுப் போகும்.”

“எனக்குப் பயமா? குடு சேட்டா,” என்று பிடுங்கிக்கொண்டாள்.

பெட்டி கைக்கு வருமுன்பே என்ன எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல, முதலில் லீலாபாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு முடுக்கு. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். பூமாரி வீட்டுக்கு அடுத்த வீடு லீலாபாய். களியக்காவிளைப் பக்கத்துக்காரி, பொன்செல்வியைவிடக் கொஞ்சம் இளையவள், பப்படவடை சுட்டு விற்கிறாள். பொன்செல்வி விடிவதற்கு முன்னால் மாவரைக்கப் போய்விடுவாள் என்பதால் பூமாரிக்குத் தலை பின்னியது, சோறு கொடுத்தது, பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம் இந்த லீலா சித்திதான். சித்தி என்றால் சொந்தத்தில் இல்லை, முடுக்கில் வந்த உறவு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரின்மேல் மீன்குழம்புக் கிண்ணம் போகாத நாள் கிடையாது.

இரண்டு வருடம் முன்பு பூமாரியைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போய் ஒரு பதிலும் சொல்லவில்லை. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் லீலாபாய் எல்லோர் முன்னாலும், “எப்படி வருவான்? பெண்ணுக்க கையில எப்பவும் ஸ்க்ரூட்றைவராக்கும். நம்மளையும் கழட்டிப் போடுவாளோண்ணு பயந்து ஓடியிருப்பான்!” என்றாள். குழாயடியே சிரித்தது. சொல்லப்போனால் பூமாரியே சிரித்தாள். நல்ல நகைச்சுவைதான்! ஆனால் பொன்செல்வி பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதோடு பேச்சு நின்றது. கிண்ணமும் நின்றது.

முடுக்கின் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஆற்றுகால் பொங்காலை அன்று ஊர் முழுக்க ரோட்டில் மூன்று மூன்று செங்கல் வைத்துப் பெண்கள் பொங்கலிடுவார்கள். கோயிலில் முதல் அடுப்பு பற்றியதும் அந்தத் தீ தெருத்தெருவாக, கைக்குக் கையாக வரும். ஒருத்தி தன் அடுப்பில் பற்ற வைத்த காய்ந்த ஓலையால் அடுத்தவள் அடுப்புக்குத் தீ கொடுக்க வேண்டும். அவரவர் வாசலில்தான் அவரவர் அடுப்பு. ஆகவே, பொன்செல்விக்குத் தீ லீலாபாய் கையிலிருந்துதான் வர வேண்டும். போன வருடம் லீலாபாய் எரிகிற ஓலையோடு திரும்பினாள். பொன்செல்வியோ முடுக்கைத் தாண்டிப் போய் எதிர்வரிசையில் தீ வாங்கிக்கொண்டாள். லீலாபாய் ஓலையைப் பிடித்தபடியே நின்றாள். கையில் சூடு தாங்காமல் கடைசியில் அதைத் தன் அடுப்பிலேயே போட்டாள். முடுக்கே அதைப் பார்த்தது.

பூமாரி எடுக்க நினைத்த படம் இதுதான். முக்கிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு அடுப்பாகத் தீ வரும். ஒவ்வொரு பெண்ணின் முகமும் சில விநாடி. கடைசியில் லீலா சித்தி, அம்மா. அந்தக் கடைசித் தீ கைமாறுவதுதான் படம், மற்றதெல்லாம் அதற்கு வழி. அம்மா போன வருடம்போலத் திரும்பிக்கொண்டால்? அதை அவள் நினைக்கவே இல்லை. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது, முடுக்கு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அம்மா எப்படித் திரும்புவாள்?

பொங்காலை அன்று வெயில் ஓட்டின்மேல் வறுத்துக்கொண்டிருந்தது. முடுக்கில் கால் வைக்க இடமில்லை. புதுப் பானை, பச்சரிசி, சர்க்கரை, எரிக்கத் தென்னம்பாளைக் கொதும்பு, ஓலை. கோயிலில் முதல் அடுப்பு பற்றியதாக ஒலிபெருக்கியில் சொன்னதும் குலவைச் சத்தம் சாலை முழுக்க எழுந்தது. கடைத்தெரு வழியாகத் தீ முடுக்குக்குள் வந்தது. முதல் அடுப்பு முக்குவீட்டு ஜெயஷீலாவுடையது. பூமாரி விசையை அமுக்கினாள். கிர்ர்ர்.

“நான் கண்ணை மூடிட்டேன் பூமாரி, அதை டிலீட் பண்ணிட்டு வேற எடு,” என்றாள் ஜெயஷீலா.

“இதுல டிலீட் கிடையாது சேச்சி.”

“பின்ன என்ன சாதனம் இது? அப்போ என் கண்ணு மூடித்தான் இருக்குமா?”

“கேசட்டு தீருது, மாறுங்க சேச்சி!”

முடுக்கில் எல்லோரும் அந்தப் பெட்டியைக் கேசட் என்றுதான் சொன்னார்கள். பூமாரி பின்னால் பின்னால் நடந்தாள், யார் பானையிலோ இடித்தாள், திட்டு வாங்கினாள், எடுத்துக்கொண்டே போனாள். புகை கண்ணைக் கரித்தது. ஓலை பற்றுகிற ஒவ்வொரு முறையும் ஒரு முகம் செம்பு நிறமாக ஒளிர்ந்தது. ஐயோ, என்ன முகங்கள்! தினமும் குடத்துக்குச் சண்டை போடுகிற அதே முகங்கள்தானா இவை? விடவே மனசில்லாமல் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டாள்.

நடுமுடுக்கில் கேமராவின் மோட்டார் சத்தம் ஒரு மாதிரி கமறியது. வெயிலா, புகையா, தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் அவளுடைய கை, அவளைக் கேட்காமல், ஒரு காரியம் செய்தது. கடையில் நாள் முழுக்கச் செய்கிற காரியம். போன் நின்றுபோனால் என்ன செய்வோம்? மூடியைத் திற, பேட்டரியைக் கழற்று, திரும்பப் போடு. ஒரே மூச்சில் கேமராவின் கதவைத் திறந்து, பெட்டியைக் கழற்றி, திரும்ப மாட்டி, கதவைச் சாத்திவிட்டாள்.

சத்தம் சரியாகிவிட்டது. ஆனால் எவ்வளவு பிலிம் ஓடியிருக்கிறது என்று காட்டுகிற முள், பெட்டியை எடுத்த நொடியில் பூஜ்யத்துக்குப் போயிருந்தது. அந்தக் கேமராவின் அமைப்பு அப்படி. இனி எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதைவிடக் கொடுமை, பிலிம் தீர்ந்த பிறகும் அந்தக் கேமரா அதே மாதிரி கிர்ர்ர் என்று பாடிக்கொண்டேதான் இருக்கும். கழற்றுவதற்கு முன்னால் முள் எங்கே நின்றது? பாதியா? அதைத் தாண்டியா? முகங்களைப் பார்த்தவள் முள்ளைப் பார்க்கவில்லை.

நிற்க நேரமில்லை, தீ நடந்துகொண்டிருக்கிறது. அவளும் கூடவே நடந்தாள். லீலாபாய் அடுப்பு பற்றியது. லீலாபாய் ஓலையைக் கொளுத்தி எடுத்தாள். திரும்பினாள். பொன்செல்வி எதிர்வரிசைப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தாள்.

“யம்மா, கேசட்டு ஓடுது!” என்று பூமாரி அலறினாள். “அனங்காத நில்லு!”

பொன்செல்வி நின்றாள்.

கேமராவின் சின்னக் கண்ணுக்குள் பூமாரி பார்த்தாள். எரிகிற ஓலை நடுங்கியது. சித்தியின் கை, அம்மாவின் கை. ஓலை ஒரு நொடி இரண்டு கையிலும் இருந்தது. இரண்டு பேரும் குனிந்திருந்தார்கள். அப்புறம் ஒரு தலை நிமிர்ந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு தலை நிமிர்ந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடுப்பு குபுக்கென்று பிடித்தது. பூமாரி விசையை விடவே இல்லை. கட்டைவிரல் வலித்து மரத்துப்போகும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தாள். கேமரா பாடிக்கொண்டே இருந்தது.

எல்லாம் முடிந்து பெட்டியை வெளியே எடுத்தாள். பெட்டியின் வாயில் தெரிகிற பிலிமில் இங்கிலீஷில் ஒரு வார்த்தை அச்சாகியிருந்தது. பிலிம் முழுதும் ஓடித் தீர்ந்தது என்பதற்கான அடையாளம் அது. சரி, தீர்ந்துவிட்டது. ஆனால் எப்போது தீர்ந்தது? அம்மா தீ வாங்கிய பிறகா, அதற்கு முன்னாலா?

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது, பசி போனது. பெட்டியைப் பிஜுவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். மனசுக்குள் முக்கிலிருந்து ஒவ்வொரு அடுப்பாகத் திரும்ப நடப்பாள். ஜெயஷீலாவிடம் இவ்வளவு நேரம், அடுத்தவளிடம் இவ்வளவு. ஒரு கணக்கில் மிச்சம் இருக்கும். இன்னொரு கணக்கில் சித்தி திரும்புவதற்கு முன்னாலேயே தீர்ந்திருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் அத்தனை விடை வந்தது. கடையில் ஒருவருடைய டிஸ்ப்ளேயை இன்னொருவருடைய போனில் மாட்டிவிட்டாள்.

“என்னடீ ஆச்சு நோக்கு?” என்றார் கல்யாணராமன்.

சொன்னாள். அவர் முதலில் முழித்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார்.

“கழட்டி மாட்டினயா? நம்ம கடைப் புத்தி நன்னா ஏறியிருக்கு நோக்கு. நாளைக்குக் கல்யாணம் ஆகி ஆத்துக்காரன் பேசலைன்னா அவனையும் கழட்டி மாட்டுவாய்.”

“சாமி!”

“சரி சரி. அழாதே. இருந்தா இருக்கும், இல்லைன்னா இல்லை. நீ காலாட்டினா பிலிம் வளருமா?”

பொறுக்க முடியாமல் தைக்காட்டுக்கு ஓடினாள். பிஜு கையைக் கூப்பினான்.

“சத்யமாட்டும் பூமாரி, எனக்கும் தெரியாது. லேபில் இருந்து வந்தாலும் ஞான் பாக்க மாட்டேன். நியமம் நியமம்தான்.”

“கடைசி கொஞ்சம் மட்டும், சேட்டா. வெளிச்சத்துல காட்டிப் பாத்துச் சொன்னா போதும். இருக்கா, இல்லையான்னு மட்டும்.”

“பின்ன மத்தவர்க்கு என்ன சொல்வேன்? போய்ச் சோறு தின்னு.”

அவளை உண்மையில் அரித்தது வேறு ஒன்று. தீ கைமாறிய பிறகும் அம்மாவும் சித்தியும் பேசவில்லை. பேசிவிடுவார்கள் என்றுதான் பூமாரி நினைத்தாள். அவர்களோ கேசட்டுக்காகக் காத்திருந்தார்கள்!

ஒரு மத்தியானம் லீலாபாய் நன்றாக இருக்கிற போனைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். சார்ஜ் நிற்கவில்லையாம். முழுச் சார்ஜ் இருந்தது.

“மக்ளே, நான் தீ குடுத்தது அதுல விழுந்திருக்குமில்லியா?” என்றாள் மெதுவாக. “போன வருஷம் நான் ஓலையும் கையுமா நிண்ணதை எல்லாவளும் பாத்தாளுவ. ஒருத்தி மறக்கல்ல கேட்டியா. இந்த வருஷம் அவ வாங்கினாண்ணு எல்லாவளும் பாக்கணும். பெரிய திரையில பாக்கணும். அப்புறமா நானே போய்ப் பேசுவேன். இப்பம் போனா, எனக்க கால் தேஞ்சு போவும்.”

பூமாரி தலையை ஆட்டினாள். கால் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அதே வாரம் சோற்றைப் போட்டுக்கொண்டே பொன்செல்வி கேட்டாள். “ஏட்டி, நான் வாங்குனது தெளிவா தெரியுமா? என்னைய எல்லாரும் கல்லுன்னு சொல்லுதாவ. பாக்கட்டும். பாத்துட்டு அவளே வரட்டும், நான் ஒண்ணும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.”

“இப்பவே போயி பேசேன்மா. சுவருக்கு அந்தப் பக்கந்தான இருக்கு.”

“சும்மா கெட. கேசட்டு வரட்டும்.”

நான் கழற்றி மாட்டிவிட்டேன் அம்மா, இருக்கிறதோ இல்லையோ தெரியாது என்று தொண்டைவரை வந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா அன்று டிரங்குப் பெட்டியிலிருந்து பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் போட்டிருந்தாள். பூமாரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

படம் போடுகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடுக்கே தைக்காட்டுக்குக் கிளம்பியது. நாலு ஆட்டோ நிறைய. மல்லிகைப்பூ வாசனையில் ஹாலே கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. தாடி வைத்த பையன்களும் துணிப்பை மாட்டிய பெண்களும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பொன்செல்வி மூன்றாவது வரிசையில் இந்த ஓரம். லீலாபாய் அதே வரிசையில் அந்த ஓரம். நடுவில் முடுக்கு முழுதும். ஜெயஷீலா மட்டும், “என் கண்ணு மூடித்தான் இருக்கும், யாரும் சிரிக்கக் கூடாது,” என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூமாரியால் உட்கார முடியவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால், பிஜுவின் புரஜெக்டர் பக்கத்தில் நின்றாள், நடந்தாள், நின்றாள். யாரோ எடுத்த கடல், யாரோ எடுத்த பூனை, யாரோ எடுத்த கல்லாற்றுப் பாறைகள். ஒன்றும் அவள் கண்ணில் ஏறவில்லை. பிறகு பிஜு அவள் பெயரைச் சொன்னான்.

திரை நடுங்கி வெளிச்சம் ஆனது. முடுக்கு. எங்கள் முடுக்கு! ஹாலில் ஒரு கூச்சல். தீ உள்ளே வந்தது. ஜெயஷீலா வந்தாள், கண்ணை மூடிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு. சொல்லிவைத்தும் எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கியது. ஒவ்வொரு ஓலையாகப் பற்றியது. ஒவ்வொரு முகமும் புகைக்குள்ளிருந்து மேலே வந்தது. துகள் துகளாக ஒளி அசைகிற, சத்தமே இல்லாத முகங்கள். “யாத்தே, நானா அது?” என்று யாரோ மெல்லச் சொன்னாள். பூமாரிக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. நடுவில் ஒரு இடத்தில் திரை ஒரு கணம் ஆரஞ்சாக எரிந்தது. அவள் கதவைத் திறந்த இடம். அதன் பிறகும் முகங்கள் வந்தன. ஒன்று, இன்னொன்று. லீலாபாய் வந்தாள். லீலாபாயின் அடுப்பு பற்றியது. ஓலையைக் கொளுத்தினாள். திரும்பினாள்—

வெள்ளை.

சுருளின் வால் புரஜெக்டரில் பட் பட் பட் என்று அடித்தது. ஹால் கைதட்டியது. விசில் அடித்தார்கள். தாடிப் பையன் ஒருவன், “என்னொரு எண்டிங்!” என்றான்.

பூமாரி சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு அடுப்பு. ஒரே ஒரு அடுப்பு! யார் முகத்தில் கூடுதலாக நின்றாளோ, அந்த ஒரு முகத்தில் நின்றிருக்காமல் விட்டிருந்தால் போதும்.

மூன்றாவது வரிசையில் பட்டுச்சேலை எழுந்து நின்றது.

“எங்க நானு?” என்றாள் பொன்செல்வி. கைதட்டல் குழம்பி நின்றது. “ஏட்டி பூமாரி! நான் எங்கட்டி?”

“தீந்து போச்சும்மா,” என்றாள் பூமாரி பின்னாலிருந்து. குரல் உடைந்து வந்தது. “கேசட்டு தீந்து போச்சு.”

“தீந்து போச்சா? அந்தக் கண்ணை மூடுனவளை அவ்வளவு நேரம் காட்டுன! நான் வாங்குனது எங்க?”

வரிசையின் அந்த ஓரத்தில் லீலாபாயும் எழுந்துவிட்டாள். “அதானே! நான் ஓலையும் கையுமாத் திரும்பினதோட நிப்பாட்டியாச்சு. பாக்கிற ஆளு என்ன நினைக்கும்? இந்த வருஷமும் அவ வாங்கல்லண்ணுதானே நினைக்கும்? பழியப்பிடிச்ச கேசட்டு!”

“நான் வாங்குனேன்,” என்றாள் பொன்செல்வி ஹால் முழுக்கக் கேட்க, யாரையும் பார்க்காமல். “எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இவ குடுத்தா, நான் வாங்குனேன்.”

“வாங்கினா. சத்தியமா வாங்கினா,” என்றாள் லீலாபாய் தாடிப் பையனைப் பார்த்து. அவன் பயந்துபோய்த் தலையாட்டினான். “கண்ணு நிறைஞ்சுதான் வாங்கினா.”

பொன்செல்வி இப்போது திரும்பினாள். “யாரு கண்ணு நிறைஞ்சா? எனக்குப் புகை.”

“புகையா? யக்கா, ஹோட்டல் அடுக்களையில கெடந்த கண்ணு ஒனக்கு, அடுப்புப் புகைக்கு அசையுமா? நீ அழுத.”

“நீதான்ட்டி அழுத! மூக்கை ஒறிஞ்சத நான் பாத்தேன்.”

“நான் அழுதது நீ நிமிந்து பாத்ததுனாலயாக்கும்.”

“நான் எங்க முதல்ல நிமிந்தேன்? நீதான் முதல்ல நிமிந்த!”

“கள்ளம் சொல்லாத. சாமி தீயாக்கும் அது. நீதான் நிமிந்த!”

நடுவில் உட்கார்ந்திருந்த முடுக்குப் பெண்கள் முழங்காலை ஒடுக்கி வழிவிட, இரண்டு பேரும் பேசிக்கொண்டே ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்தார்கள். பிஜு அடுத்த சுருளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பூமாரி அழுதாள், சிரித்தாள், திரும்ப அழுதாள். அவளுக்கு வேண்டிய அந்த ஒரு காட்சி இல்லை. இனி எப்போதும் இல்லை. அந்த வலி போகவில்லை. அது பாட்டுக்கு நெஞ்சில் நின்றது. ஆனால் அதோ, இரண்டு வருடத்துப் பேச்சு மொத்தமும் அணை உடைந்ததுபோல வந்துகொண்டிருந்தது.

திரும்பி வருகிற ஆட்டோவில் பூமாரி நடுவில் மாட்டிக்கொண்டாள். இந்தப் பக்கம் அம்மாவின் முழங்கை, அந்தப் பக்கம் சித்தியின் முழங்கை. பேச்சு அவளுடைய மூக்குக்கு முன்னால் இப்படியும் அப்படியும் போனது. தம்பானூர் தாண்டியும் தீரவில்லை.

“நான்தான் கேமராவைத் திறந்து கழட்டி மாட்டுனேன்,” என்றாள் பூமாரி. “அதான் கணக்கு தப்பிப் போச்சு.”

இரண்டு பேரும் காதில் வாங்கவே இல்லை.

“இவ பாத்தால்லா?” என்றாள் பொன்செல்வி திடீரென்று. “கேமராவுக்குள்ள இவ மட்டுந்தான பாத்தா. ஏட்டி, சொல்லு. யாரு முதல்ல நிமிந்தது? நானா, இவளா?”

“ஆமா மக்ளே, நீ சொல்லு,” என்றாள் லீலாபாய். “நீ சொன்னா நான் சம்மதிச்சுத் தாரேன்.”

பூமாரிக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். அந்தச் சின்னக் கண்ணுக்குள் எந்தத் தலை முதலில் நிமிர்ந்தது என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“புகையா இருந்துது. எனக்குச் செரியா தெரியல்ல,” என்றாள்.

“இவ ஒரு கேமராக்காரி!” என்று பொன்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் மகளுடைய தலைக்குமேல் எட்டிப் பார்த்து, “நீ சொல்லு லீலா, நீ ஓலையை எந்தக் கையில வச்சிருந்த? வலது கையா? அப்ப நீ எப்படி என்னைய முதல்ல பாத்திருக்க முடியும்?” என்று முதலிலிருந்து தொடங்கினாள்.